இருபது எழுத்தில் அடங்கிய ஆயுள்

பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்களைப் பற்றி இலக்கிய வாசகரிடம் பேச்செடுத்தால், 'அதற்கெல்லாம் நேரம் ஏது?' என்ற கேள்வியே முதலில் எழுகிறது. நியாயமான கேள்விதான். நாற்பது மணி, அறுபது மணி என்பது இவ்வகை ஆட்டங்களில் சாதாரணம். விற்போரும் வாங்குவோரும் மணிக்கணக்கை வைத்தே அவற்றை எடைபோடுகின்றனர். ஆனால் ஜப்பானில் இவ்வகையை வெகுமக்களிடம் வேரூன்றச் செய்த ஆட்டம் மிகச் சிறியது. அச்சிறுமை எங்கிருந்து வந்தது, அது மொழியை என்ன செய்தது என்பதையே இங்கே பேச விரும்புகிறோம்.

1986 மே 27 அன்று எனிக்ஸ் நிறுவனம் 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தை நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்டது. கதையமைப்பு யூஜி ஹோரீ, ஓவியம் அகிரா தொரியாமா, இசை கொய்ச்சி சுகியாமா, நிரல் கொய்ச்சி நகமுரா. 1981இல் அமெரிக்காவில் வந்த 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகிய கணினி ஆட்டங்கள் ஹோரீயை ஈர்த்திருந்தன. விசைப்பலகையும் பெரும் பொறுமையும் கேட்ட அவற்றைச் சில பொத்தான்களுக்குள் சுருக்கிச் சிறுவர் கையில் கொடுப்பதே அவர் ஏற்ற வேலை.

அதற்குக் கிடைத்த இடம் 64 கிலோபைட். யூனிகோட் தமிழில் சேமித்தால் இக்கட்டுரையே அதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை விழுங்கிவிடும். எஞ்சியதில் ஓர் உலகம், அதன் ஊர்கள், அரக்கர்கள், இசை, உரையாடல் அனைத்தும் அடங்க வேண்டும். திரையில் தோன்றும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு படமாகச் சேமிக்கப்படுவதால், எழுத்தைக் குறைத்தால் இடம் மிஞ்சும். எனவே அயற்சொற்களுக்குரிய கதகானா வரிவடிவத்தின் நாற்பத்தாறு அடிப்படை எழுத்துகளில் இருபதை மட்டும் ஹோரீ வைத்துக்கொண்டார். அரக்கர் பெயர், ஊர்ப்பெயர், மந்திரப்பெயர் யாவும் அவ்விருபதிலிருந்தே பிறந்தாக வேண்டும். காயம் ஆற்றும் 'ஹொய்மி' மந்திரமும், ஊர் திரும்ப உதவும் 'ரூரா' மந்திரமும் அப்படிப் பிறந்தவை. இடநெருக்கடி தீர்ந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் அப்பெயர்கள் அத்தொடரில் நிலைத்துவிட்டன. எதுகைக்காகத் தேடி எடுத்த சொல் பிறகு பொருளுக்கே உரியதாகிவிடுவதைச் செய்யுள் படிப்பவர் அறிவர்.

கதையும் அவ்வாறே சிக்கனமானது. ஒரே வீரன், துணைக்கு எவருமில்லை. அரசன் முன் ஆட்டம் தொடங்குகிறது. வெளியே வந்தால், நீருக்கு அப்பால் பகைவனின் கோட்டை முதல் திரையிலேயே தெரிகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அவ்விடத்தை அடைய உலகையே சுற்றி வரவேண்டும் என்பதுதான் முழுக்கதை. இளவரசியை மீட்காமலே ஆட்டத்தை முடித்துவிடலாம். இறுதியில் பகைவன், தன்னோடு சேர்ந்தால் பாதி உலகைத் தருவதாகச் சொல்கிறான். ஒப்புக்கொண்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துபோகிறது. (ஆடுவோரின் நேரத்தில் பெரும்பகுதி அரக்கரைத் திரும்பத் திரும்ப வென்று வலிமை சேர்ப்பதிலேயே கழிகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கதையைத் தனியே பிரித்தெடுத்தால் அது ஒரு சிறுகதை அளவுதான்.)

ஆயினும் ஒரே அமர்வில் முடிக்க இயலாது. ஆட்டத்தின் நிலையைச் சேமிக்க அந்தக் கேசட்டில் வழியுமில்லை. ஆகவே அரசன் ஓர் 'உயிர்ப்பிக்கும் மந்திர'த்தைச் சொல்வான். ஆடுபவர் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இருபது ஹிராகானா எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் 64 சாத்தியங்களில் ஒன்று என்பதால் மொத்தம் 120 பிட். வீரனின் நான்கெழுத்துப் பெயர், அனுபவம், பொற்காசு, கையிலுள்ள பொருள்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஹிராகானாவில் 'நு', 'மெ' இரண்டும் பார்வைக்கு நெருங்கியவை. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டால் மந்திரம் தவறு என்ற பதிலே கிடைக்கும். பல நாள் உழைப்பு ஒரு சுழியில் போய்விடும். ஓலை பெயர்த்தெழுதியோரின் கைப்பிழையோடு மல்லாடும் நம் பதிப்பாசிரியர்களுக்கு அந்தச் சிறுவர்களின் துயரம் எளிதில் விளங்கும்.

பின்னர் இடம் பெருகியது. 1987இல் வந்த இரண்டாம் பாகத்தின் மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. 1988இன் மூன்றாம் பாகத்தில் மின்கலத்தின் உதவியால் கேசட்டே நினைவில் வைத்துக்கொண்டது. தாளும் பென்சிலும் ஓய்வு பெற்றன. 2000இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஏழாம் பாகமோ நூறு மணி நேரத்தை எட்டும் என்று பெயரெடுத்தது. மூன்றாம் பாகத்தின் நீளத்துக்குக் காரணம் உண்டு என்றே கருதுகிறோம். ஆனால் நீளமே தகுதி என்ற எண்ணம் இவ்வகை முழுவதையும் பற்றிக்கொண்டது. வாரந்தோறும் பக்கத்தை நிரப்பியாக வேண்டிய தொடர்கதைகளுக்கு நேர்ந்தது நமக்குத் தெரியாததல்ல.

இதைக் கேலி செய்ய ஜப்பானிலேயே ஒரு படைப்பு வந்தது. 2009இல் பிஎஸ்பி கருவிக்கு வெளியான அதன் பெயர் 'யூஷா 30'. ஆங்கிலத்தில் 'ஹாஃப் மினிட் ஹீரோ'. உலகம் அழிய இருப்பது முப்பது விநாடி. அதற்குள் வீரன் வலிமை பெற்று, ஆயுதம் வாங்கி, தீயவனை வெல்ல வேண்டும். காலதேவதைக்குக் காசு கொடுத்தால் கடிகாரத்தைப் பின்னே திருப்பித் தருவாள். ஒவ்வொரு சிறு பயணமும் முடிந்ததும், பெருங்காவியம் நிறைவுற்றதுபோல் பங்களித்தோர் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது! சிரிப்பு அடங்கியபின் ஒன்று உறைக்கிறது: 1986இல் நெருக்கடி தந்த குறுக்கம் இங்கே வேண்டி ஏற்ற வடிவமாகியிருக்கிறது.

சொல்ல விட்டுப்போன செய்தி ஒன்று. அந்த இருபதெழுத்து மந்திரம் திரையில் ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று பிரித்து எழுதப்படும். பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியது தொடங்கி நமக்கும் அறிமுகமான ஹைக்கூவின் அசைக்கணக்கும் முதல் மூன்றோடு ஒத்ததே. யாரோ ஒருவர் பாஷோவின் புகழ்பெற்ற தவளைக் கவிதையை அப்படியே இட்டு, எஞ்சிய மூன்றிடங்களில் நீர் தெறிக்கும் ஓசையை எழுதிப் பார்த்திருக்கிறார். மந்திரம் ஏற்கப்பட்டது. அரசன் முன்னே வீரன் ஒருவன் எழுந்து நின்றான்.