பூசை கண்டவர்கள், பங்கேற்றவர்கள்

தென் மாவட்டத்துக் கத்தோலிக்க ஊர்களில் சனிக்கிழமை மாலை காதில் விழும் பேச்சு இது. "நாளைக்கு முதப் பூசையா, ரெண்டாம் பூசையா மதினி?" "முதப் பூசைதான். பிள்ளைக்கு டியூஷன் இருக்குல்லா." அதே ஊர்க் கோயிலின் அறிவிப்புப் பலகையில் 'பூசை' என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. அங்கே 'ஞாயிறு திருப்பலி' என்றுதான் எழுதியிருக்கும். பலகையில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இரண்டு சொற்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அக்கம்பக்கமாக வாழ்ந்து வருகின்றன. ஒன்றை மற்றொன்று விரட்டிவிடவில்லை. இந்த இரண்டுக்கும் பின்னால் நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

பழந்தமிழில் பூசை என்றால் பூனை. பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையோடு தன்னை ஒப்பிட்டுக் கம்பர் அவையடக்கம் பாடும்போது பூனைக்கு அவர் இட்ட பெயர் இதுதான். மலையாளத்தில் இன்றும் அது பூச்ச. வழிபாட்டைக் குறிக்கும் பூசை வேறு. அது வடமொழிப் பூஜையின் தமிழ் வடிவம் என்பது பொதுக் கருத்து. ஆனால் அந்தப் பூஜையே திராவிட மொழியிலிருந்து வடக்கே போன சொல் என்று வாதிட்ட அறிஞர்கள் உண்டு. பூவைக்கொண்டு செய்வது பூசை என்றார் சிலர். சந்தனமும் எண்ணெயும் பூசுவதிலிருந்து வந்தது என்றார் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. பூசு என்ற வினை மட்டும் கத்தோலிக்கத் தமிழில் தனியாகவும் இடம் பிடித்துக்கொண்டது. ஏழு திருவருட்சாதனங்களில் உறுதிபூசுதல் ஒன்று, நோயில்பூசுதல் இன்னொன்று.

முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றது 1530களில். 1542இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்த ஆண்டே அவர்களிடம் வந்து சேர்ந்தார். அங்கே கூடிய ஞாயிறுக் கூட்டங்களைப் பற்றி 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் பேசுகிறது. கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்ததையும், ஞாயிறன்று ஆண் பெண் அனைவரையும் கூட்டி அவர்கள் மொழியிலேயே செபங்களைச் சொல்லவைத்ததையும் அதில் காண்கிறோம். அவர் அடுத்த ஊருக்குப் போன பிறகு கூட்டத்தை நடத்த ஓர் ஆள் வேண்டுமே. அந்தப் பொறுப்பில் அவர் அமர்த்தியவர்களுக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. வரவு செலவு எழுதுகிறவரின் பட்டம் செபம் சொல்லிக்கொடுக்கிறவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊராரை வீடு வீடாக அறிந்தவர் அவர் என்பதால் பொருத்தமான தேர்வுதான். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு உபதேசியார் என்ற பெயர் வந்தது.

செபம் தமிழில் இருந்தாலும் பலியின் பெயர் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்ததாகவே இருந்தது. அவர்களுக்கு அது மிஸ்ஸா. இலத்தீன் வழிபாட்டின் இறுதியில் மக்களை அனுப்பிவைக்கும் வாசகத்திலிருந்து பிறந்த சொல் அது. விடைகொடுத்தல் என்பதே அதன் அடிப்பொருள். தமிழ் நாவில் அது மிசையாகத் திரிந்து மீசையோடு மயங்கியது என்பார்கள், பின்னால் மதுரைக்கு வந்த குரு நொபிலியின் வரலாற்றை எழுதியவர்கள். பலியைச் சொல்லப்போய் உதட்டுமேல் மயிரைச் சொன்னால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? ஆனாலும் மிசை முழுக்கப் பொருளற்ற சொல் இல்லை. மிசைதல் என்றால் உண்ணுதல். விருந்தினருக்கு ஊட்டியபின் எஞ்சியதை உண்பவனைப் பற்றிய 85ஆம் குறளில் அந்த வினை வருகிறது. அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்து உண்ணும் வழிபாட்டுக்கு இதைவிட நெருங்கிய சொல்லைத் தமிழ்ப் புலவர் ஒருவர் உட்கார்ந்து தேடினாலும் எளிதில் கண்டுபிடித்திருக்க மாட்டார். கடற்கரையில் அதைக் காதில் வாங்கியவர்களுக்கோ ஏட்டுத் தமிழின் அந்தப் பொருள் எட்டியிருக்க வழியில்லை.

இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். கோயில், குரு, வேதம், சர்வேசுரன் என்று ஊராருக்கு முன்பே பழகிய சொற்களை எடுத்துக் கிறித்தவப் பொருளில் ஆண்டார். மிசையின் இடத்தில் பூசை வந்து அமர்ந்தது அப்படித்தான். ஊர் வழக்கங்களை ஏற்றதற்காக அவர்மீது எழுந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டவை பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். 1704இல் புதுச்சேரியில் உரோமையின் தூதரும் பின்னாளில் கர்தினாலானவருமான டூர்னோன் வெளியிட்ட ஆணை தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது என்பது போன்ற பல தடைகளைப் போட்டது. இந்த இழுபறிகளையெல்லாம் தாண்டிப் பூசை ஊர் வாயில் நிலைத்துவிட்டது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் வழிவந்த சீர்திருத்தச் சபைகள் ஆராதனை என்ற சொல்லோடு வளர்ந்தன. இன்றும் தெற்கே ஒருவர் "பூசைக்குப் போறேன்" என்றால் கத்தோலிக்கர், "ஆராதனைக்குப் போறேன்" என்றால் மற்றவர் என்று யாரும் கேட்காமலே தெரிந்துவிடும்.

பழைய பூசை வாரந்தோறும் கிடைத்த பொருள் இல்லை. உள்நாட்டு ஊர்களில் குரு ஆண்டில் ஓரிரு முறை வந்தால் அதுவே பெரிது. அவர் வந்தால் ஞானஸ்நானம், கல்யாணம், பாவசங்கீர்த்தனம், பூசை எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடியும். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் மணியடித்துச் செபம் சொல்லுவார். இலங்கையில் நிலைமை இன்னும் கடுமை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் ஏழையின் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்குள் நுழையும்வரை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அங்கே குரு இல்லை. அவர் வந்தபிறகும் பூசை இரவில், பூட்டிய வீட்டுக்குள்தான். அந்த நடுக்காலத்தில் வழிபாட்டை அணையவிடாமல் காத்தவர்கள் குருப்பட்டம் பெறாத குடும்பத்தார். நம் திருச்சபை வரலாறுகளில் ஆயர்களுக்கும் குருக்களுக்கும் கிடைக்கும் பக்கங்களில் நாலில் ஒரு பங்காவது இவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பூசைக்கு அமைந்த வினை காண். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் முழுப்பூசை காண வேண்டும் என்றுதான் பழைய ஞானோபதேசம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. குரு மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் தணிந்த குரலில் செபிப்பார். பதில் சொல்வது பூசைக்கு உதவும் சிறுவன். தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்த இலத்தீன், பொருள் அவனுக்கும் தெரியாது. கீழே பாயில் இருந்த பெண்கள் முக்காட்டுக்குள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். கைமணி ஒலிக்கும். அத்தனை தலைகளும் நிமிரும். குரு அப்பத்தை உயர்த்திக் காட்டுவார். அந்தக் காட்சிதான் பூசையின் உச்சி. மொழி விளங்காதவருக்கும் கண் இருந்ததால், காண்பது என்ற சொல் உண்மையையே சொன்னது. கோயிலில் சாமியைக் கண்ணாரக் கண்டு பழகிய மண்ணில் அந்த வினை வேர்பிடித்ததில் வியப்பில்லை. காட்சியைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனம் இல்லை. நான்கு நூற்றாண்டு மக்களின் விசுவாசம் அந்த ஒரு நொடியில் தங்கி நின்றது.

ஆனால் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து காணவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில் இரண்டு நீண்ட கூடங்களாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் ஒன்றுசேரும்படி அமைந்தது. வெள்ளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு மற்றொன்று. குருவை இருவரும் காணலாம், ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை. 1910இல்தான் அந்தத் தடுப்புச் சுவர் இடிந்தது, அதுவும் பெரும் பூசலுக்கு நடுவில். தலித் கிறித்தவர்களுக்குத் தனி இடுகாடு என்ற கொடுமை இன்னும் சில ஊர்களில் தொடர்கிறது. பூசையின் வரலாற்றைச் சொல்பவர் இந்தச் சுவரைச் சொல்லாமல் விடக்கூடாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஆவணத்தை 1963 டிசம்பர் 4 அன்று நிறைவேற்றியது. ஆதரவு 2,147, எதிர்ப்பு 4. மக்கள் ஊமைப் பார்வையாளராக நிற்காமல், அறிந்தும் முழுமையாகவும் வழிபாட்டில் ஈடுபட வேண்டும் என்பது அதன் மையம். அடுத்த சில ஆண்டுகளில் பீடம் சுவரை விட்டு முன்னே வந்தது, குரு மக்களைப் பார்த்துத் திரும்பினார், இலத்தீன் இருந்த இடத்தில் தமிழ் ஒலித்தது. புத்தகத் தமிழும் கூடவே மாறியது. இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியானார். ஞானஸ்நானம் திருமுழுக்கு, சுவிசேஷம் நற்செய்தி, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு. பூசையின் இடத்தில் திருப்பலி வந்தது.

பலி புதுச்சொல் இல்லை. பழைய செபப் புத்தகங்களில் திவ்விய பலிபூசை என்று பூசையோடு ஒட்டிக்கொண்டே அது இருந்தது. அதற்கும் வெகு முன்னால், திருமுருகாற்றுப்படையில் ஆட்டுக் கிடாயின் குருதி கலந்த அரிசியைப் படைப்பது பலி. தேவாரத்தில் சிவன் வீடு வீடாகப் போய்த் தேர்வதும் பலி. அங்கே அது பிச்சை. படைப்பதும் ஈவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. கேரளத்துச் சிரியக் கிறித்தவர் இதே வழிபாட்டுக்குச் சொல்லும் குர்பானாவின் மூலப்பொருளும் காணிக்கைதான். ஆக, பொருளளவில் திருப்பலி துல்லியமான சொல். கல்வாரியின் பலியே பீடத்தில் நிகழ்கிறது என்ற கத்தோலிக்க நம்பிக்கையைப் பூசை என்ற பொதுச்சொல் தாங்காது, திருப்பலி தாங்கும்.

இதில் ஒரு விந்தை உண்டு. புத்தகங்களிலிருந்து பூசை என்ற சொல் இறங்கிக்கொண்டிருந்த அதே நாள்களில்தான், 1969 ஏப்ரலில், இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு தழுவல்களுக்கு உரோமை இசைவு தந்தது. செருப்பைக் கழற்றுவது, தரையில் அமர்வது, கைகூப்புவது, ஆரத்தி எடுப்பது, மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவது ஆகியவை அவற்றுள் சில. பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுவத்தை உருவாக்கிய தமிழரான அமலோர்பவதாஸ் இந்த முயற்சியின் முன்னணியில் நின்றார். பூசையின் பெயர் போனது, பூசைக்குரிய விளக்கும் தட்டும் வந்தன.

என்னைக் கேட்டால், பெயரைவிட வினை மாறியதே பெரிய மாற்றம். பூசையைக் கண்டவர்கள் திருப்பலியில் பங்கேற்கிறார்கள். பங்கு என்ற சொல்லும் கத்தோலிக்கத் தமிழில் சும்மா வந்து நிற்கவில்லை. ஒரு குருவின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் கூட்டத்துக்கே பங்கு என்று பெயர். பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குப் பேரவை, கிளைப்பங்கு என்று அதிலிருந்து ஒரு குடும்பமே கிளைத்திருக்கிறது. கூறு, பாகம் என்ற பொருளில் நிர்வாகத்துக்கு வந்த சொல், பங்கேற்பு என்ற வினைக்குப் பக்கத்தில் நின்றதும் பங்காளிக்குரிய உரிமையையும் நினைவூட்டத் தொடங்கியது.

அந்த உரிமை எப்படி நடைமுறையாகிறது என்பதை ஞாயிறுத் திருப்பலியின் கடைசிப் பத்து நிமிடத்தில் பார்க்கலாம். நன்மை எனப்படும் நற்கருணை அப்பத்தை வாங்கி முடித்து எல்லோரும் அமர்ந்ததும் அறிவிப்பு வரும். வாரத்தின் பூசைக் கருத்துகள்: இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாரின் உடல்நலத்துக்காக. யார் வீட்டில் சாவு, யாருக்கு அறுவைச் சிகிச்சை என்று ஊர் அறிவது அப்போதுதான். அடுத்து ஓலை. மணமக்களின் பெயரும் பெற்றோர் பெயரும் பங்கும் சொல்லி, தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்குமாறு மூன்று ஞாயிறு வாசிக்கப்படும். கணினியில் அச்சடித்த தாள்தான்; பெயர் மட்டும் பனையோலைக் காலத்தது. எந்த அன்பியம் எந்தத் தெருவில் கூடும், வரும் ஞாயிறு வாசகமும் பாடலும் எந்த அன்பியத்தின் பொறுப்பு, திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. அன்பியம் என்பது முப்பது நாற்பது குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்துப் பேசும் தெருக்குழு. அன்போடு இயம் என்ற விகுதியைச் சேர்த்துத் தமிழகத் திருச்சபை ஆக்கிக்கொண்ட இந்தப் புதுச்சொல் எந்த எதிர்ப்புமின்றி வாயில் ஏறிவிட்டது. திருப்பலிக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் இதற்குக் கிடைத்ததன் காரணம் எளிது. அன்பியத்துக்கு முன்னால் அந்தப் பொருளுக்கு வேறு பெயர் இருக்கவில்லை.

பூசையை வாயிலிருந்து அகற்ற முயலும் ஆர்வத்தில் எனக்கு உடன்பாடில்லை. 'முழுத் திருப்பலி' என்றால் ஒன்றும் தோன்றாத பாட்டிக்கு 'பாட்டுப் பூசை' என்றால் முகம் மலரும். சாமப் பூசை, கல்யாணப் பூசை, நன்றிப் பூசை என்று வாழ்க்கையின் ஒவ்வொரு முனையிலும் அந்தச் சொல் முடிச்சிட்டு நிற்கிறது. பீடத்தருகே திருப்பலி, தெருவில் பூசை என்று இரண்டும் இருக்கட்டும்.

2020இல் கொரோனா வந்து கோயில்கள் மூடியபோது காண்பது என்ற பழைய வினையும் திரும்பிவந்தது. கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் திருப்பலி ஒளிபரப்பானது. "இன்னைக்குப் பூசை பார்த்தாச்சா?" என்று உறவினர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பார்ப்பது பங்கேற்பாகாது என்று கோயில்கள் திறந்ததும் குருக்கள் மேடையில் எடுத்துச் சொன்னார்கள், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் நடக்க முடியாமல் கட்டிலோடு கிடப்பவர்களுக்கு ஒளிபரப்பு இன்றும் தொடர்கிறது. அவர்கள் அதைப் பார்த்து முடிக்கும் நேரத்தில், பல பங்குகளில், இரண்டாம் பூசை முடிந்து நற்கருணைப் பணியாளர் ஒருவர் சிறு பேழையில் நன்மையை எடுத்துக்கொண்டு அவர்கள் தெருவுக்குப் புறப்படுகிறார். அவர் ஆசிரியராகவோ அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவராகவோ இருப்பார். பெரும்பாலும் அதே அன்பியத்துக்காரர்.