மூச்சில் அளந்து இரத்தத்தில் எழுதப்படும் குற்றம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவைச் சொல் சொல்லாக வாசிப்போருக்கு ஒரு முரண் புலப்படும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஆல்கஹால், மூச்சுப் பகுப்பாய்வுக் கருவியின் சோதனையில் கண்டறியப்பட்டால் குற்றம் என்கிறது அப்பிரிவு. ஆனால் சாலையில் காவலர் நீட்டும் கையடக்கக் கருவி இரத்தத்தைத் தொடுவதே இல்லை. அதனுள் இருக்கும் எரிபொருள் மின்கலம் மூச்சிலுள்ள ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து, அப்போது எழும் மின்னோட்டத்தை அளக்கிறது. 2100 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்பது போன்றதொரு விகிதத்தைக் கொண்டு, கருவி அதனை இரத்த அளவாக மாற்றித் திரையில் காட்டுகிறது. இவ்விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளிடமும் நேரத்துக்கு நேரம் மாறும். பிரிவின் வாசகம் இதைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

பிரிட்டனில் நிகழ்ந்தது வேறு. 1967இல் அங்கே சாலைக்கு வந்த சோதனை, பொட்டாசியம் டைகுரோமேட் படிகங்கள் அடைத்த கண்ணாடிக் குழாயும் ஒரு பையுமே. படிகம் பச்சையானால் சந்தேகம் வலுக்கும். மெய்ப்பிக்க இரத்தமோ சிறுநீரோ ஆய்வகம் போகவேண்டும். 1983இல் மூச்சே சான்றாக ஏற்கப்பட்டபோது, மூச்சுக்கெனத் தனி வரம்பையே (100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம்) சட்டத்தில் எழுதினார்கள்.

இந்தியாவின் கதை பம்பாய் மதுவிலக்கிலிருந்து வருகிறது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்ட வழக்குகளில் மருத்துவரின் மூக்கும் கண்ணும் நெடுங்காலம் முக்கியச் சான்றுகளாக இருந்தன. 1971இல் பச்சுபாய் ஹசனலி கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. வாயில் மதுவாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவற்றைக் கொண்டு மட்டும் ஒருவர் மது அருந்தினார் என்று முடிவுகட்ட இயலாது என்றது. இரத்தப் பரிசோதனைக்கு அத்தீர்ப்பு தந்த முதன்மை என் பார்வையில் மிக முக்கியமானது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இந்த வரிசையைக் காணலாம். 203ஆம் பிரிவு சாலையில் மூச்சைக் கேட்கிறது. அது மதுவைக் காட்டினால், 204ஆம் பிரிவு காவல் நிலையத்தில் மருத்துவர் வழியாக இரத்தத்தைக் கேட்க வழிசெய்கிறது. 1994இன் திருத்தமே 185ஆம் பிரிவில் 30 மில்லிகிராம் வரம்பையும் மூச்சுக் கருவியையும் ஒரே தொடரில் பிணைத்தது. இரத்தத்துக்கு வகுத்த அலகு அப்படியே தங்கிவிட்டது. 2019இன் திருத்தம் ஆய்வகச் சோதனையையும் அத்தொடரில் சேர்த்தது. மூச்சுக்கெனத் தனி அலகு அப்போதும் வரவில்லை.

சாலையில் வரம்பு 30 என்பதால் சிறு பிழைகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும் எனலாம். பீகாரில் அப்படியில்லை. 2016ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அங்கே அருந்துவதே குற்றம். அதே வகைக் கருவி, வரம்பு மட்டும் இல்லை. மதுசாரம் கலந்த ஹோமியோபதித் துளிகளும் வாய்கொப்பளிக்கும் மருந்தும் வாயில் சற்று நேரம் ஆல்கஹாலைத் தேக்கி வைக்கும். அதனால்தான் ஊதச் சொல்வதற்குமுன் 15 நிமிடம் காத்திருக்கவேண்டும் என்பது நெறி. இரவுச் சோதனையில் அது எத்தனை முறை பின்பற்றப்படும்?

மூச்சுக் கருவியின் அறிக்கை மட்டுமே அருந்தியதற்கு முடிவான சான்றாகாது என்று 2024இல் பாட்னா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது துணைகொண்டது 1971இன் அந்தப் பம்பாய் வழக்கையே.