சலுகையா? உரிமையா?

பாழடைந்த வீதி, பூட்டிய கடை, இடிந்த சுவர், எரிந்த கூரை! ஏன் இந்த நிலை என்று கேட்டால், "எல்லாம் தலைவிதி" என்பான் பழைமைவாதி. அந்த விதியை எழுதியது யார்? எழுதிய கையை வரலாறு காட்டிக் கொடுக்கிறது, தோழர்களே!

1930-களில், அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகர வரைபடங்களை விரித்து வைத்து வண்ணம் தீட்டிற்று. கறுப்பின மக்களும் ஏழைகளும் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு. அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள்! பாஸ்டன் நகரத்து ராக்ஸ்பரியும் அந்தச் சிவப்பிலே சிக்கிற்று. கடன் மறுக்கப்பட்டது, கடைகள் மூடப்பட்டன, வசதி படைத்த வெள்ளையர் புறநகர் ஏகினர். காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளரே கட்டடங்களைக் கொளுத்திய கொடுமையும் நடந்தது. 1980-களில், டட்லி தெருவைச் சுற்றி ஏறத்தாழ 1,300 மனைகள் வெறுமையாய்க் கிடந்தன. பிற இடத்துக் குப்பையெல்லாம் அங்கே கொட்டப்பட்டது.

நலிந்த நகர்ப்பகுதிகளுக்கு அரசுகள் கண்ட மருந்து, 'தொழில் ஊக்க மண்டலம்'. வரியைத் தள்ளுவோம், விதியைத் தளர்த்துவோம், முதலாளி வருவார், வேலை வரும் என்றனர். பிரிட்டன் 1981-ல் இதைத் தொடங்கிற்று. கப்பல் துறைகள் மூடப்பட்ட லண்டனின் ஐல் ஆப் டாக்ஸ் பகுதிக்கு 1982-ல் பத்தாண்டுச் சலுகை கிடைத்தது. வானளாவிய மாளிகைகள் எழுந்தன. ஆனால், சரக்கிறக்கிப் பழகிய கைகளுக்கு அங்கே ஏற்ற வேலை ஏது? தள்ளிய வரியிலும் கணிசமான பங்கு, வாடகை உயர்வாகி நிலச் சொந்தக்காரர் பைக்கே போயிற்று என ஆய்வாளர் கண்டனர்.

டட்லி மக்களோ வேறு வழி கண்டனர். 1985-ல், அறக்கட்டளையினரும் தொண்டு நிறுவனத்தாரும் நன்மை செய்யும் நோக்குடன் திட்டமொன்றைக் கொணர்ந்து மக்கள்முன் வைத்தனர். மேடையில் இருப்போரில் எத்தனை பேர் இந்தப் பகுதியில் குடியிருக்கிறார்கள் என்று மக்கள் கேட்டனர். மேடையிலே மௌனம்! அந்தக் கேள்வி அமைப்பையே மாற்றிற்று. ஆட்சிக்குழுவில் குடியிருப்போருக்குப் பெரும்பான்மை கிடைத்தது. கறுப்பர், கேப் வெர்டியர், லத்தீன் அமெரிக்கர், வெள்ளையர் என்ற நான்கு பிரிவினருக்கும் சம இடம் வகுக்கப்பட்டது.

1986-ல் குப்பை கொட்டுவதை எதிர்த்துக் கிளர்ந்தனர், வென்றனர். 1988-ல், தனியார் பாழாய் விட்டிருந்த மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகத்திடம் பெற்றனர். அமெரிக்காவில் குடியிருப்போர் அமைப்பொன்று அவ்வதிகாரம் பெற்றது அதுவே முதன்முறை! நிலம் பொது அறக்கட்டளையிடம். வீடு உழைக்கும் குடும்பத்திடம். விலையேற்றி விற்றுக் கொள்ளையடிக்க வழியில்லை. இவ்விதம் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

வறுமை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, உண்மைதான். ஆயினும், தங்களைச் சிவப்புக் கோட்டுக்குள் அடைத்தோரின் வாரிசுகளிடம் அவர்கள் இரக்கம் கேட்கவில்லை. நிலத்தைக் கேட்டனர், முடிவெடுக்கும் இடத்தைக் கேட்டனர்.

சலுகைக்கு ஆயுள் பத்தாண்டு. உரிமைக்கு?