கடல் கடந்த தம்பதியரும் கரை மறுத்த சட்டமும்

 

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், கி.பி. 615 அளவில், மக்காவிலிருந்து ஒரு சிறு கூட்டம் செங்கடலைக் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றது. ஆண்கள் 11 பேர், பெண்கள் 4 பேர். ஆண்கள் 12 பேர் என்போரும் உண்டு. உஸ்மான் (ரலி) அவர்களும், அவர்களின் துணைவியாரும் நபியவர்களின் அருமை மகளாருமான ருகைய்யா (ரலி) அவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். அடுத்துச் சென்ற பெருங்கூட்டத்தில் ஜஃபர் (ரலி) அவர்கள் தம் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுடன் சென்றார்கள். அந்த அந்நிய மண்ணிலேயே அவர்களுக்கு அப்துல்லாஹ் (ரலி) பிறந்தார்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு வரை அங்கேயே குடும்பம் நடத்தினார்கள். நஜ்ஜாஷி மன்னர் வேற்று மார்க்கத்தவராக இருந்த நிலையிலேயே இவர்களுக்கு அடைக்கலம் தந்தார். கணவனையும் மனைவியையும் பிரித்து வைக்கவில்லை.

இது மிம்பர்களில் பலமுறை கேட்ட வரலாறுதான். நாம் அதிகம் கேட்டிராத மற்றொரு ஹிஜ்ரத்தும் உண்டு. அது நம் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து புறப்பட்டது.

1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அன்றைய சேலம் ஜில்லா அப்பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட பகுதிகளுள் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 இலட்சத்துக்கு மேல் இருந்த ஜில்லாவின் மக்கள் தொகை, 1881இல் 16 இலட்சம் அளவுக்குக் குறைந்துவிட்டது. பத்தாண்டுகளில் கூடியிருக்க வேண்டிய தொகை இப்படிச் சரிந்தது என்றால், எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மடிந்தவர் போக, பிழைத்தவர்களுள் பலர் ஊரை விட்டு வெளியேறினர். இலங்கைக்குச் சென்றவர்கள் உண்டு. மலாயாவுக்குச் சென்றவர்கள் உண்டு. ஒரு பகுதியினர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினர்.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ, 342 பேருடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000க்கும் அதிகமானோர் இவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். பெயர், தந்தை பெயர், வயது, உயரம், சாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள தழும்பு என்று ஒவ்வொருவரைப் பற்றியும் பதிந்த கப்பல் பதிவேடுகள் இன்றும் உள்ளன. ஜில்லா என்ற பத்தியில் சேலம் என்ற பெயரை அவற்றில் காணலாம்.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது செல்ல வேண்டும் என்பது அன்றைய விதி. இந்தக் கணக்கைச் சரிக்கட்டத் தனித்து வந்த ஆணும் பெண்ணும் சென்னை டிப்போவிலேயே ஜோடி சேர்க்கப்பட்டதும் உண்டு என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். வலீ இல்லை, சாட்சி இல்லை, மஹர் இல்லை. பசியில் வாடிய அந்த ஏழைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்க வேண்டியது ஏஜெண்டுகளையும், அவர்களை ஏவிய தோட்ட முதலாளிகளையுமே.

ஒப்பந்தம் ஐந்தாண்டுகள். முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாமாண்டில் 14 ஷில்லிங். பெண்களுக்கு அதில் பாதி. ஐந்தாண்டுகள் கரும்புத் தோட்டத்தில் உழைத்து முடித்த ஒரு கணவனும் மனைவியும், சிறிது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு அங்கேயே நிலைபெற விரும்பினர் என வைத்துக்கொள்வோம். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும், இரண்டும் மறுத்தால் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டும் என்று 1895இல் நேட்டால் அரசு சட்டம் இயற்றியது. 3 பவுன் என்பது 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலியில் ஆறு மாதத் தொகை. மனைவிக்கும் தனியாக 3 பவுன். பின்னர் 16 வயதான மகனுக்கும் 13 வயதான மகளுக்கும் அவ்வரி நீட்டிக்கப்பட்டது. நால்வர் கொண்ட ஒரு குடும்பம் சும்மா குடியிருப்பதற்கே ஆண்டுக்கு 12 பவுன்! செலுத்த இயலாதவர் மீண்டும் தோட்டத்துக்கே திரும்பினர். சட்டத்தின் நோக்கமும் அதுவே.

இந்த வரி அவர்களின் வயிற்றில் அடித்தது. மானத்தில் அடித்த அடி 1913இல் விழுந்தது.

ஹஸன் ஈசோப் என்பவர் தென்னாப்பிரிக்காவில் குடியேறி வாழ்ந்தவர். அவர் இந்தியா வந்து பாய் மரியம் என்ற பெண்ணை இஸ்லாமிய முறைப்படி நிகாஹ் செய்தார். பின்னர் அப்பெண்மணி கணவருடன் வாழத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றபோது, குடிவரவு அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். வழக்கு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதி ஸேர்ல் 1913 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்தார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து, உரிய அதிகாரியிடம் பதியப்பட்ட திருமணமே அந்நாட்டில் செல்லுபடியாகும். பலதார மணத்துக்கு இடமளிக்கும் மதத்தின் முறைப்படி மணந்த பெண், சட்டம் சொல்லும் ‘மனைவி’ ஆகமாட்டார் என்பது அத்தீர்ப்பின் விளைவு. ஒரே மனைவியுடன் வாழ்ந்தவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. பதிவு இல்லாத முஸ்லிம், ஹிந்து, பார்ஸி திருமணங்கள் அனைத்தும் ஒரே நாளில் சந்தேகத்துக்குரியவை ஆயின.

பெயர்களைப் பார்த்தால் ஹஸன் ஈசோப் குடும்பத்தார் தமிழகத்தவராகத் தோன்றவில்லை. ஆயினும் அத்தீர்ப்பின் சுமை அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் மீதும் விழுந்தது. மஹர் கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் ஈஜாப் கபூல் செய்து, பிள்ளைகளையும் பெற்ற ஒரு பெண்ணைப் பார்த்து, ‘நீ இவருக்கு மனைவி அல்லள்’ என்று ஒரு நாடு சொல்லுமானால், அவளுடைய பிள்ளைகளின் நிலை என்ன? கணவன் மறைந்தால் வாரிசுரிமை என்ன?

இந்த அவமானத்தைக் கேட்டபின்தான் அங்குள்ள நம் பெண்கள் சிறை செல்லத் துணிந்தார்கள். காந்தியடிகளின் துணைவியார் கஸ்தூரிபாய் உள்ளிட்ட நால்வர் 1913 செப்டம்பரில் சிறை புகுந்தனர். டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த பதினொரு பெண்கள், பெரும்பாலோர் தமிழர், நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, 3 பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யுமாறு தொழிலாளரைத் தூண்டினர். நவம்பர் 6 அன்று எல்லை நோக்கி நடந்த பேரணியில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் இருந்தனர். அந்நடைப்பயணத்தில் இரு தாய்மார் தம் கைக்குழந்தைகளை இழந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பெற்ற காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார். அவர் பெயரை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள்.

அதே களத்தில் நின்ற ஒரு முஸ்லிம் பெண்மணியின் பெயரை நம் பிள்ளைகள் அறியார். டர்பனைச் சேர்ந்த ஃபாத்திமா மெஹ்தாப் தம் தாயாரையும் ஏழு வயது மகனையும் அழைத்துக்கொண்டு வோக்ஸ்ரஸ்ட் எல்லைக்குச் சென்று கைதானார். சிறுவனைக் கைது செய்ய அரசு மறுத்தது. காவல் நிலையத்தில் கைரேகை வைக்கச் சொன்னபோது அவர் அஞ்சாமல் மறுத்தார். 1913 அக்டோபர் 13 அன்று தாய்க்கும் மகளுக்கும் மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லுங்கள்.

1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி நீங்கியது. ஒரு கணவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் நம் திருமணங்களைப் பதிந்து செல்லத்தக்கதாக்க வழி பிறந்தது. இந்திய மதங்களின் குருமார்களைத் திருமண அதிகாரிகளாக நியமிக்கவும் அச்சட்டம் இடமளித்தது. இரண்டாம் மனைவிக்கு அதில் இடமில்லை. பதியாமல் விட்டவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. பள்ளிவாசலில் நிகாஹ் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்ட தலைமுறைகளின் பெண்கள், தலாக்கின் போதும் கணவன் மறைந்த போதும் வெறுங்கையோடு நின்றார்கள். பதியப்படாத இஸ்லாமியத் திருமணங்களைத் திருமணச் சட்டமும் விவாகரத்துச் சட்டமும் ஏற்காதது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஜூன் 28 அன்றுதான். ஸேர்ல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 109 ஆண்டுகள்!

இதனை எழுதுவதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லா இளைஞர் ஒருவருக்கு நான் நிகாஹ் நடத்தி வைத்தேன். மணமகன் வளைகுடா நாடு ஒன்றில் பணிபுரிந்தார்; ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தார். பள்ளிவாசல் தஃப்தரில் மணமகளின் பெயரை வீட்டார் சொன்னவாறே எழுதினேன். அது வீட்டில் அழைக்கும் பெயர். பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருந்ததோ வேறு. கேட்டிருக்க வேண்டியது நான், கேட்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று வற்புறுத்தவும் இல்லை. விருந்து அவசரத்தில் எல்லோரும் மறந்தோம். மனைவியை அழைத்துச் செல்ல அவர் முயன்றபோது திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும் என்றார்கள். சான்றிதழே இல்லாதபோது ஒப்பம் எதில் இடுவது? பெயரைத் திருத்தி, பதிந்து, எல்லாம் கைக்கு வந்து சேரப் பதினொரு மாதங்கள் ஆயின. இடையில் குழந்தை பிறந்தது. தந்தை தம் மகளின் முகத்தை முதலில் கைப்பேசியில் பார்த்தார். அந்தப் பெண்ணின் தாயார் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. எந்த மதத்தவராயினும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் என அச்சட்டம் வகுத்தது. அச்சட்டம் வந்தபோது, நம் தஃப்தர் போதாதா என்று வருந்தியவர்களுள் நானும் ஒருவன். அல்லாஹ்விடத்தில் நிகாஹ் நிறைவேறத் தஃப்தர்கூட ஷர்த்து இல்லை. வலீயும் சாட்சிகளும் ஈஜாப் கபூலும் போதும். ஆனால் கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளுமாறு ஏவுகிறது சூரத்துல் பகராவின் மிக நீண்ட வசனம். பெண்ணின் வாழ்வு கடனைவிடச் சிறியதா?

இப்போது எங்கள் பள்ளியில் மணமகனும் மணமகளும் பாஸ்போர்ட் அல்லது பள்ளிச் சான்றிதழின் நகலைக் கொண்டு வந்த பின்னரே தஃப்தரைத் திறக்கிறேன். சில பெரியவர்களுக்கு இதில் மனவருத்தம். ‘ஹஜ்ரத் தாசில்தார் ஆகிவிட்டார்’ என்று கேலியும் செய்கிறார்கள். செய்யட்டும்.

தென்னாப்பிரிக்காவில் வாழும் அந்தக் குடும்பங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் இன்று தம் பூர்வீகத்தைத் தேடி அக்கப்பல் பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். குடும்பமாகக் கப்பலேறியவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களே தரப்பட்டன. தம் பாட்டனாரின் எண்ணை அடுத்து பாட்டியாரின் எண் வருவதைக் காண்கிறார்கள். அவர்களுள் பலருக்கு, அவ்விருவரும் கணவன் மனைவி என்பதற்குக் கையிலுள்ள ஒரே எழுத்து அதுவே.