விளக்குத்திரி வாடை

பேச்சுப் போட்டிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்றுண்டு: வாயில் கூழாங்கற்களை இட்டுப் பேசிப் பழகிய கிரேக்க நாவலர் டெமாஸ்தனிஸின் கதை. விடாமுயற்சிக்குச் சான்றாக அதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அவ்வுழைப்பை ஏதென்ஸ் நகரத்தார் சிலர் எள்ளி நகையாடினர் என்பதைச் சொல்வதில்லை.

கி.மு. 384இல் பிறந்த அவர் ஏழு வயதில் தந்தையை இழந்தார். சொத்தைச் சூறையாடிய பாதுகாவலர்கள்மீது, பருவம் எய்தியதும் வழக்குத் தொடுத்து வென்றார். மக்கள் மன்றமோ அவரை எளிதில் ஏற்கவில்லை. குரல் மெலிவு, மூச்சு இடையில் அறுந்தது, நீண்ட வாக்கியங்கள் சிக்குண்டன. சோர்ந்திருந்தவரைச் சாட்டிரஸ் என்னும் நடிகர் ஒரு நாடகப் பகுதியைச் சொல்லச் செய்து, பின் அதனையே உரிய மெய்ப்பாட்டோடு தாம் சொல்லிக் காட்டினாராம். சொற்கள் அவையே; கேட்டவருக்கோ அது வேறொரு பகுதியாகவே தோன்றியது.

இவற்றை எழுதிய புளூட்டார்க் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டவர். எனினும் கூழாங்கல், மேட்டில் ஏறியவாறே பேசுதல், பெரிய கண்ணாடி முன் ஒத்திகை ஆகிய செய்திகளை, முதுமையில் டெமாஸ்தனிஸே சொல்லக் கேட்ட பலேரம் நகரத்து டெமெட்ரியஸ் வழியாகத் தருகிறார். ஆகவே கட்டுக்கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பைதியாஸ் என்பவர், டெமாஸ்தனிஸின் வாதங்களில் விளக்குத்திரி வாடை வீசுகிறது என்று பழித்தார். இரவெல்லாம் கண்விழித்து எழுதியவை என்பது பொருள். ஆயத்தமின்றிப் பேசுவதே மேதைமை என்னும் மயக்கம் நம் மேடைகளுக்கு மட்டும் உரியதன்று போலும்! டெமாஸ்தனிஸ் மறுக்கவில்லை. பேச்சை ஆயத்தம் செய்வது மக்களை மதிப்பவன் செயல்; கேட்போர் எவ்வாறு ஏற்பர் எனக் கவலாதவன் இணங்கவைப்பதை விடுத்து வன்மையை நம்பும் சிலராட்சிக்காரன் என்பது அவர் கருத்து. ஒத்திகையை மக்களாட்சியின் கடமையாகவே அவர் கண்டார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் பெயரால் 50க்கும் மேற்பட்ட முன்னுரைகள் தனித்தொகுப்பாகவே கிடைத்துள்ளன. எந்தப் பேச்சுக்கும் பொருத்திக்கொள்ள முன்கூட்டியே செய்துவைத்த தொடக்கங்கள் அவை என்பர்.

ஆயினும் ஆயத்தம் எல்லா இடத்தும் காத்துவிடாது. கி.மு. 346இல் மாசிடோனிய மன்னர் பிலிப்பிடம் சென்ற தூதுக்குழுவில் அவரும் ஒருவர். ஊற்றெனப் பெருகும் சொற்கள் தம்மிடம் உண்டு என்று வழியெல்லாம் சொல்லிவந்தவர், மன்னர் முன் முன்னுரையைத் தொடங்கிச் சில சொற்களில் தடுமாறி நின்றுவிட்டார். அஞ்சாமல் நினைவுகூர்ந்து தொடருமாறு பிலிப்பே தேற்றியும் பயனில்லை.

இதைச் சொன்னவர் உடன் சென்ற ஈஸ்கினிஸ், பின்னாளில் கடும்பகைவர். அவர் வாய்மொழியை அப்படியே கொள்ளலாகாது. அவ்விருவரும் கி.மு. 330இல், டெமாஸ்தனிஸுக்குப் பொன்முடி சூட்டுவது முறையா என்னும் வழக்கில் நேருக்குநேர் மோதினர். ஈஸ்கினிஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்கும் கிட்டவில்லை. ஏதென்ஸை விட்டு நீங்கிய அவர், ரோட்ஸ் தீவில் பேச்சுக்கலை கற்பித்து வாழ்ந்தார் என்பது மரபு.