குருதியின் நிறம் காட்டும் கருவி

நோயாளியின் உதட்டையும் நகத்தையும் உற்று நோக்குவது மருத்துவர்களின் பழைய வழக்கம். அவை செந்நிறமாயின் நலம். நீலம் படர்ந்தால் உயிர்வளி குறைந்துவிட்டது என்பது பொருள். ஆயின் கண்ணுக்குப் புலப்படும் அந்நீலம் மிகவும் பிந்தி வருவது. அதிலும், இருளில் உறங்குகின்றவரின் உதட்டை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? இக்குறையை நீக்க, இரவு முழுதும் விரலிலோ மணிக்கட்டிலோ அணிந்து உறங்கத்தக்க சிறு கருவிகள் இன்று கடைகளில் பலவாக விற்கப்படுகின்றன. அவற்றுள் எதனை வாங்குவது, அது காட்டும் எண்ணை எத்துணை நம்புவது என்னும் வினாக்களுக்கு, விளம்பரங்களைக் காட்டிலும் அக்கருவியின் வரலாறே தெளிவான விடை தருவதாகும்.

உயிர்வளியைச் சுமந்து செல்வது குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள். இதற்கு அப்பெயரை இட்டவர் ஜெர்மானிய அறிஞர் பெலிக்ஸ் ஹோப்பே-செய்லர்; ஆண்டு 1864. அதே ஆண்டில் அறிஞர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், இப்பொருள் உயிர்வளியை ஏற்கும்போதும் இழக்கும்போதும் நிறம் மாறுகின்றது என்பதை மெய்ப்பித்தார். உயிர்வளி நிறைந்த குருதி ஒளிர்செம்மை. அது குறைந்த குருதி கருஞ்செம்மை. பின்னர் எழுந்த கருவிகள் யாவற்றுக்கும் இவ்வுண்மையே அடித்தளமாகும். அவை உயிர்வளியை நேரே அளப்பன அல்ல. குருதியின் நிறத்தைப் பார்த்து உயிர்வளியைக் கணிப்பன.

1935-இல் ஜெர்மனியின் கார்ல் மத்தெஸ், இருவகை ஒளியைக் காதுமடலில் செலுத்தி இக்கணிப்பைச் செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வானில் மிக உயரப் பறந்த விமானிகள் உயிர்வளிக் குறைவால் உணர்விழந்தனர். அவர்களுக்கென அமெரிக்கராகிய கிளென் மில்லிகன் இலேசான காதுக் கருவி ஒன்றை அமைத்தார். ஆக்சிமீட்டர் என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. எனினும் ஓர் இடர் நீங்கவில்லை. காதில் பாயும் ஒளியைத் தமனிக் குருதி மட்டுமா தடுக்கின்றது? தோலும் தசையும் சிரைக் குருதியும் தடுக்கின்றனவே! இதனைக் கழிக்க ஏர்ல் வுட் என்பார் 1940-களின் இறுதியில் காதை அழுத்திக் குருதியை வெளியேற்றி முதலில் ஓர் அளவும், அழுத்தத்தை நீக்கிப் பின்னர் ஓர் அளவும் எடுக்கும் முறையை வகுத்தார். அறிவார்ந்த முறைதான், ஆனால் உறங்குகின்றவரிடம் செல்லுபடியாவதன்று.

இவ்விடரைத் தீர்த்த பெருமை ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அவோயாகி அவர்களையே சாரும். 1936-இல் நிகாட்டா மாநிலத்தில் பிறந்த அவர், 1970-களின் தொடக்கத்தில் தோக்கியோவிலுள்ள நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றினார். அவர் தேடியது உயிர்வளியை அன்று. குருதியில் சாயமொன்றைச் செலுத்தி, அது காதில் வந்து சேர்வதை ஒளியால் கண்டு, இதயம் வெளியேற்றும் குருதியின் அளவை அறியவே அவர் முயன்றார். அங்கே நாடித்துடிப்பு குறுக்கிட்டது. ஒவ்வொரு துடிப்பும் வரைகோட்டில் ஓர் அலையை எழுப்பி அளவைக் கெடுத்தது. சாயம் தடுக்காத வேறோர் ஒளியைக் கொண்டு அவ்வலையை நீக்க முயன்றார், நீங்கிற்று. ஆயின் குருதியில் உயிர்வளி குறைந்தவுடன் அலை மீண்டும் தலைகாட்டிற்று.

இடையூறு என்று விலக்கப்பட்டதே விடையாய் மாறியது இவ்விடத்தில்தான். துடிப்போடு ஏறி இறங்குவது தமனிக் குருதி ஒன்றே. தோலும் தசையும் அவ்வாறு துடிப்பதில்லை. எனவே சிவப்பொளியிலும் அகச்சிவப்பொளியிலும் எழும் துடிப்பலைகளை ஒப்பிட்டால், காதை அழுத்தாமலே தமனிக் குருதியின் நிறத்தை அறியலாம் என்று அவர் தெளிந்தார். 1974 மார்ச்சு 29-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, சுசுமு நகாஜிமா என்னும் அறுவை மருத்துவர் இக்கருவியை நோயாளிகளிடம் சோதித்தார். 1980-களில் நெல்கோர் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் இதனை அறுவைக் கூடங்களுக்குக் கொண்டு சென்றன. உயிர்வளி குறையக் குறைய ஒலி தாழ்ந்துவரும் நெல்கோர் கருவியின் ஓசை, மயக்க மருத்துவர்களின் செவிக்குப் பழகிய ஓசையாயிற்று. கொரோனா நோய் உலகெங்கும் பரவி இக்கருவியை வீடுதோறும் தேடவைத்த 2020-ஆம் ஆண்டில், ஏப்ரல் 18-ஆம் நாள், அவோயாகி தம் 84-ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டில் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஆக்சிமீட்டரை இலவசமாக வழங்கியது.

இவ்வரலாற்றில் மறைந்துகிடந்த ஒரு குறையையும் அறிதல் வேண்டும். துடிப்பலைகளின் விகிதம் தானாகவே விழுக்காடு ஆகிவிடுவதில்லை. உடல்நலமுள்ள தொண்டர்கள் உயிர்வளி குறைந்த காற்றை மூச்சிழுக்க, அவர்தம் தமனிக் குருதியை எடுத்து ஆய்ந்து, அதனோடு ஒப்பிட்டு வகுத்த அட்டவணையே கருவிக்குள் இருக்கின்றது. அத்தொண்டர்கள் பெரும்பாலும் வெளிர்நிறத்தார். கரிய தோலில் கருவி தவறக்கூடும் என்பதை அமெரிக்க ஆய்வொன்று 1990-இலேயே சுட்டியது, பெரிதும் பொருட்படுத்தப்படவில்லை. 2020-இல் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு உலகை விழிக்கச் செய்தது. கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோது உண்மையில் 88-க்கும் கீழே தாழ்ந்திருந்தவர்கள், வெள்ளையரிடையே 3.6 விழுக்காட்டினர், கறுப்பினத்தாரிடையே 11.7 விழுக்காட்டினர். 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, பல்வகைத் தோல் நிறத்தாரிடமும் கருவிகளைச் சோதிக்க வேண்டும் என்று வரைவு வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. மிச்சிகன் ஆய்வு தமிழரைப் பற்றியதன்று. எனினும் கருநிறத்தார் பலர் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இதனை அயலார் செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இனி, இரவுக் கருவியைத் தேர்வது எங்ஙனம்? உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோயில், உயிர்வளி சில நொடிகளில் தாழ்ந்து சில நொடிகளில் மீள்கின்றது. இரவில் சிலமுறை மட்டும் அளந்து ஓய்ந்துவிடும் கைக்கடிகாரம் அதனைக் காணாது. எனவே இரவு முழுதும் இடைவிடாது அளந்து பதிந்துவைக்கும் கருவியே வேண்டும். நெடுநேர அளவுகளைச் சராசரியாக்கிக் காட்டுவது குறுகிய தாழ்வுகளை மறைத்துவிடும். சராசரிக் காலம் சில நொடிகளாக இருத்தல் நன்று. விரலின் ஊடே ஒளியைச் செலுத்துவதற்கு வலுவான துடிப்பலை எளிதிற் கிடைக்கும். மணிக்கட்டிலிருந்து திரும்பும் ஒளியை வாங்குவதற்குக் கிடைக்கும் அலை மெலிந்தது. தளர்ந்த மோதிரமும், குளிர்ந்த கையும், நகச்சாயமும், புரண்டு படுத்தலும் கணிப்பைக் கெடுக்கும். மருத்துவக் கருவியாக ஒப்புதல் பெற்றதா, பொதுநலக் கருவி என்ற பெயரில் விற்கப்படுவதா என்பதைப் பெட்டியிலேயே படித்தறிதல் வேண்டும்.

வாங்கியபின் ஓர் எண்ணைக் கண்டு அஞ்சுவதும் தவறு. ஓர் எண்ணைக் கண்டு அயர்வதும் தவறு. ஒரே இரவின் ஒரு தாழ்வைவிட, பல இரவுகளில் திரும்பத் திரும்ப வரும் தாழ்வே பொருளுடையது. மணிக்கு எத்தனை முறை 3 அல்லது 4 விழுக்காடு தாழ்ந்தது என்னும் கணக்கையே மருத்துவர்கள் நோக்குவர். கருவி 96 என்று காட்டினும், குறட்டையும் மூச்சுத்திணறி விழித்தலும் பகற்சோர்வும் உள்ளவர் மருத்துவரை நாடுவதே முறை. மூச்சு அடைபட்டும் உயிர்வளி தாழாத நோயாளிகளும், தாழ்ந்தும் கருவிக்குத் தென்படாதவர்களும் உளர். உதட்டின் நிறத்தைப் பார்த்த கண்ணுக்குத் துணையாகவே இக்கருவி தோன்றியது. பார்க்கவேண்டிய கண்ணை மூடிக்கொள்வதற்காக அன்று.