கடல்நீரேரியில் பாய்ப்படகுப் போட்டி: நண்பர்களோடு இறங்கமுன் தெரிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணக் கடல்நீரேரியை எமது பெற்றோர் பலர் இருட்டில்தான் கடந்தார்கள். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டிருந்தபோது, கிளாலிக் கரையில் இரவில் படகேறுவதே குடாநாட்டு மக்களுக்கு எஞ்சியிருந்த வழி. அந்தப் பயணங்களில் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டவர்கள் பலர். கைக்குழந்தையாக மடியில் கிடந்து அக்கரை சேர்ந்தவர்களுக்கு இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டது.

அதே நீரில், பகல் வெளிச்சத்தில், நண்பர்களோடு பாய் விரித்துப் போட்டிக்கு ஓடுவது எமக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. அப்படியொரு சிறு போட்டியை ஒழுங்கு செய்யவோ அதில் கலந்துகொள்ளவோ விரும்புவோருக்கான அடிப்படைத் தகவல்கள் இவை.

பாய் எங்கே போனது?

வடபகுதிக் கரையோரத்துக்குப் பாய் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938 ஒகஸ்ட்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைச் செலுத்திச் சென்றவர்களில் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் இருந்தனர். யுத்த காலத்தில் மீன்பிடித் தடை, பாஸ் நடைமுறை, இரவுத் தடை, உயர்பாதுகாப்பு வலயம் என்று கடல் படிப்படியாகப் பூட்டப்பட்டது. 2004 ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரப் படகுகளை அடித்துச் சென்றது. பின்னர் வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியிணைப்பு இயந்திரங்களும். மகன் இயந்திரத்தைப் பழகினான். தகப்பனுக்குத் தெரிந்த பாய் கொட்டிலுக்குள் கிடந்தது.

2022 ஒகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, அந்தப் பழைய அறிவின் பெறுமதி எல்லோருக்கும் உறைத்தது.

காற்றைத் தெரிந்துகொள்ளுதல்

போட்டி நாளைத் தீர்மானிப்பது காற்று. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் ஏறக்குறைய மே முதல் செப்ரெம்பர் வரை பலமாக வீசும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் காற்று பெரும்பாலும் தணிந்திருக்கும். புதியவர்கள் பழக ஏற்ற காலம் அது. பொதுவாக வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறுவதால், முதன்முறை ஓடுபவர்கள் காலையிலேயே தொடங்குவது நல்லது.

படகும் ஆட்களும்

சிறு படகொன்றுக்கு மூவர் போதும். ஒருவர் சுக்கான் பிடிப்பார். ஒருவர் பாய்க்கயிற்றைக் கையாளுவார். மூன்றாமவர் காற்று அழுத்தும்போது படகு சரியாமல், காற்று வரும் பக்கத்தில் தன் பாரத்தை வைத்து ஈடுகொடுப்பார். எதிரே வரும் படகையும் வலையையும் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. பாக்குநீரிணையின் மறுகரையில், தொண்டிப் பகுதியில், இன்றும் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில் படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி இப்படித்தான் சமநிலை காக்கிறார்கள்.

பாயைக் கையாள ஒரு எளிய கணக்கு உண்டு. பாய் படபடக்கும்வரை கயிற்றைத் தளர்த்துங்கள். படபடப்பு நிற்கும் இடம்வரை மட்டும் இழுத்துப் பிடியுங்கள். அதற்கு மேல் இழுத்தால் படகு சரியுமே தவிர வேகம் கூடாது.

பாதையும் விதிகளும்

எந்தப் படகாலும் காற்றுக்கு நேரெதிரே ஓட முடியாது. காற்றை எதிர்த்துப் போக வேண்டுமானால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். நீரேரியில் ஓடும் தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் அப்போது பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடும். ஆகவே நட்புப் போட்டிக்குக் காற்றுக்குக் குறுக்காக ஒரு மிதவை வரை சென்று, அதைச் சுற்றித் திரும்பும் பாதையே பொருத்தம். போகும்போதும் வரும்போதும் காற்று பக்கவாட்டில் கிடைக்கும்.

மோதாமல் இருக்க உலகெங்கும் பின்பற்றப்படும் மூன்று விதிகள் போதும். இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கினால், காற்று வரும் திசையில் இருக்கும் படகு மற்றதற்கு விலக வேண்டும். பின்னால் வந்து முந்துபவர் ஒதுங்கிப் போக வேண்டும். வெவ்வேறு அளவான படகுகள் ஓடினால், மெதுவான படகைச் சில நிமிடங்கள் முன்னதாக விடலாம்.

பாதுகாப்பு

நீரேரியின் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். ஆனால் சேறும், சிப்பி ஓடுகளும், களங்கண்ணித் தடிகளும் உண்டு. எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். படகு கவிழ்ந்தால் அதைவிட்டு நீந்தாமல், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரப் படகொன்று உதவிக்குக் கூடவே வர வேண்டும்.

பாதையைக் குறிக்கமுன் அப்பகுதிக் கடற்றொழிலாளர் சங்கத்துடன் பேசுங்கள். வலை கிடக்கும் இடம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒருவரின் வலை அறுந்தால், எங்கள் விளையாட்டு அவருடைய பல நாள் உழைப்பைத் தின்றுவிடும். உரிய அனுமதிகளையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கடலுக்கு வர மறுக்கும் நண்பர் இருந்தால் வற்புறுத்த வேண்டாம். இந்த நீரில் யாரைப் பறிகொடுத்தார் என்று எமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் கரையில் நின்று நேரம் குறிக்கட்டும்.

ஊரில் பாய் பிடிக்கத் தெரிந்த ஐயா ஒருவராவது இருப்பார். அவரை மாலை போட்டுப் பரிசளிப்பு மேடையில் இருத்துவதோடு விட்டுவிடாதீர்கள். முதல் ஓட்டத்தில் சுக்கானை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து பாருங்கள்.